சேதி கேட்கும் முன்பே கொடுத்த கிடா

அன்பு மகன் எல்தியாருக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கை மேரிமும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், குதிரைகள் குளிர்காலத்தைத் தாண்டிவிட்டன, சிவப்புப் பசுவுக்கு மட்டும் இந்த வருடம் கன்று தங்கவில்லை. நீயும் மருமகள் எல்னூராவும் பேரன் அலினூரும் அங்கே சுகமாக இருக்க வேண்டும், அந்த ஊர் வெயில் பிள்ளையின் தலையில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் இப்படி எழுதுவது முறை, எழுதிவிட்டேன். இனி நடந்ததை எழுதுகிறேன். போனில் பேச மாட்டேன் என்று நான் சொன்னதைக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமும் உண்டு. ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், உன் அம்மா பக்கத்தில் நின்று கண்ணைத் துடைப்பாள், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். காகிதம் குறுக்கே பேசாது. மேரிம் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். படிக்காமல் அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன், படிப்பாள். படிக்கட்டும்.

நீ அவளிடம் சொல்லி அனுப்பிய கேள்வி என் காதுக்கு வந்தது. ஜூன் மாதம் உங்கள் கால்பந்து ஆட்டங்கள் முடிந்து விடுமுறை வருகிறது, பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டான், அவனுடைய கால்கயிறு வெட்டும் விழாவை நம் வீட்டு முற்றத்தில் வைக்கலாமா, அப்பா கூட நிற்பாரா, இல்லை வர வேண்டாம் என்பாரா என்று கேட்டிருக்கிறாய். பதில் கடைசியில் வரும். நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போகாதே, சின்ன வயதிலேயே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. உன்னால் இந்தத் தெருவில் நான் எப்படி நிற்கிறேன் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் நீ அந்தப் பதிலைப் படிக்க வேண்டும்.

நவம்பரில் அந்த ஆட்டம் நடந்த அன்று இங்கே காலையிலிருந்து கரண்ட் இல்லை. நம் அணி யாரோடு ஆடுகிறது என்பது எனக்குத் தெரியும், நீ இருக்கும் அந்த நாட்டோடு, அவர்கள் மைதானத்தில். அந்த நாட்டின் பெயரை நான் எழுதப் போவதில்லை, பெயர் தெரியாமல் இல்லை. அந்த ஆட்டத்துக்கு நம் அணியில் உன்னைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஏன் நினைத்தேன் என்று கேட்டால், உன் அம்மா அந்த வாரம் முழுக்க ஒரு மாதிரி இருந்தாள், எதைக் கேட்டாலும் அடுப்பைப் பார்த்தாள். நல்ல சேதியை எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறாள், ஆட்டத்தன்று என்னை ஆச்சரியப்படுத்தப் போகிறாள் என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். எனக்கு வயது அறுபத்தெட்டு, இவ்வளவு மடத்தனம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

சாயங்காலம் நான் கொட்டிலில் சாணம் வாரிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு பெய்ஷென், அவன்தான் இன்னமும் நாரினுக்கும் தலைநகருக்கும் வேன் ஓட்டுகிறான், வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, கதவைக்கூடச் சாத்தாமல், பனியில் வழுக்கி எழுந்து ஓடி வந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தே கத்தினான், "சகின்பெக் அண்ணே, சூயுன்சு! சூயுன்சு!" என்று. வழக்கம் உனக்கு அங்கே போய் மறந்திருக்கும், அதனால் எழுதுகிறேன். சூயுன்சு என்று ஒருவன் வாசலில் நின்று கேட்டால், அவன் கையில் நல்ல சேதி இருக்கிறது என்று அர்த்தம். சேதி என்ன என்று கேட்கக் கூடாது, முதலில் பரிசைச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டுக் கொடுப்பவன் கஞ்சன். உன் பிறப்புச் சேதி கொண்டுவந்தவளுக்கு என் தகப்பனார் தன் மேல்கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடுங்கிக்கொண்டு நின்றார் என்று ஊரே சொல்லும். நான் கஞ்சன் இல்லை. கொட்டிலில் இருந்த கருமூக்குக் கிடாவின் கொம்பைப் பிடித்து இழுத்து வந்து வேலிக்கு மேலே தூக்கி அவன் கையில் கொடுத்தேன். "இப்பச் சொல்லுடா" என்றேன். அவன் கிடாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, "உங்க பையன் கோல் போட்டுட்டான் அண்ணே! இன்னைக்கு ஆட்டத்துல! ரேடியோவுல கேட்டேன், எல்தியார் எல்தியார்னு கத்துறாங்க, அதுக்குள்ள கணவாய் வந்துருச்சு, ரேடியோ கொரகொரன்னு போயிருச்சு!" என்றான்.

கணவாயில் ரேடியோ எடுக்காது என்பது உனக்கும் தெரியும். இன்னும் கொஞ்சம் எடுத்திருந்தால் அவன் மெதுவாக வண்டியை ஓட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போயிருப்பான்.

நான் சாணக் கையோடு தெருவில் இறங்கினேன். ஒவ்வொரு வேலியாக நின்று சொன்னேன். மாம்பெத் பெரியவர் வீட்டில், ரோசா டீச்சர் வீட்டில், அந்தக் கோடியில் புதிதாக வந்திருக்கிற தேனீக்காரன் வீட்டில்கூட. என் மகன் நம் நாட்டுக்காக கோல் போட்டான், வாருங்கள், வீட்டுக்கு வாருங்கள் என்று. சின்ன வயதில் உன் பந்தைப் பிடுங்கிக் கூரையில் எறிந்தவன் நான், ஆம்பிளைப் பிள்ளை குதிரை மேல் ஏறி, ஆட்டுடலைப் பறித்து ஓடும் கோக்-போரு ஆட வேண்டும், மாட்டுக் கன்று மாதிரி உருண்டையை உதைத்துக்கொண்டு அலையக் கூடாது என்று சொன்னவன் நான், அது இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் எல்லோரும் வந்தார்கள், என் முகத்தைப் பார்க்க. உன் அம்மாவிடம் போர்சோக் சுடச் சொன்னேன். அவள் கேட்டதும் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷத்தில் என்று நினைத்தேன். மாவைப் பிசைந்தாள், எண்ணெயில் போட்டாள். அவளுக்குத் தெரியும். கோடைக்காலத்திலிருந்தே தெரியும். நீ கடவுச்சீட்டை மாற்றிக்கொண்டது, அந்த நாட்டுச் சட்டையைப் போட ஒப்புக்கொண்டது, எல்லாம் அவளுக்கும் மேரிமுக்கும் தெரியும். வீட்டில் தெரியாதவன் நான் ஒருவன்தான், நானும் நாயும்.

விரிப்பைச் சுற்றி ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள், மெழுகுவர்த்தி வெளிச்சம், நான் நடுவில் உட்கார்ந்து ஆஃப்சைடு என்றால் என்ன என்று தேனீக்காரனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன், போர்சோக் உருண்டைகளை வைத்து. அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நீ போன பிறகு பழைய செய்தித்தாள்களைப் படித்து நானே தெரிந்துகொண்டது. அப்போது கரண்ட் வந்தது. டிவி தானாக உயிர் பெற்றது, அன்றைய ஆட்டத்தைத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நம் பிள்ளைகள் சிவப்புச் சட்டையில். நீ சிவப்பில் இல்லை. நான் சிவப்பில் உன்னைத் தேடிக்கொண்டே இருந்தேன், ஒவ்வொருவனாகப் பார்த்தேன், எல்லோரும் என்னைப் பார்ப்பது எனக்குத் தெரியவில்லை. மாம்பெத் பெரியவர்தான் சொன்னார், அவருக்குத் தூரப்பார்வை இன்னும் நன்றாக இருக்கிறது. "சகின்பெக், அந்தப் பக்கம் பாரப்பா, வெள்ளைச் சட்டை" என்றார். பிறகு நீ கோல் போட்டதைக் காட்டினார்கள். நம் வலைக்குள். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று கீழே எழுத்து வந்தது. அந்த நாட்டு அறிவிப்பாளன் உன் பெயரை வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டு சொல்வதுபோலச் சொன்னான்.

யாரும் எழுந்து போகவில்லை, அதுதான் கொடுமை. எழுந்து போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெய்ஷென் வாசற்படியில் நின்றபடியே, "அண்ணே, நான் பேரை மட்டும்தான் கேட்டேன், சத்தியமா" என்றான். கடைசியில் மாம்பெத் பெரியவர் கையை நீட்டி ஒரு போர்சோக்கை எடுத்து, "சாப்பிடுங்கப்பா, மாவு என்ன தப்புப் பண்ணுச்சு" என்றார். எல்லோரும் சாப்பிட்டார்கள். என் வீட்டு விரிப்பில், நம் நாடு தோற்றதற்கு நான் வைத்த விருந்தை அவர்கள் சாப்பிட்டார்கள், பிறகு கையேந்தித் துஆ செய்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். அந்த மரியாதைதான் என்னைத் தோலுரித்தது.

மறுநாள் காலை பெய்ஷென் கிடாவைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். "அண்ணே, இத வச்சுக்க எனக்குக் கூச்சமா இருக்கு, திருப்பி எடுத்துக்குங்க" என்றான். கொடுத்த சூயுன்சுவைத் திரும்ப வாங்கினால் அது சந்ததிக்கு ஆகாது என்றேன். "நல்ல சேதிக்குத்தானே அண்ணே சூயுன்சு, இது நல்ல சேதியே இல்லையே" என்றான். கொடுக்கும்போது நான் கேட்டுவிட்டா கொடுத்தேன் என்றேன். "அப்ப நான் என்னதான் பண்றது, இத வெட்டி நான் தின்னா நம்ம ஊரு தோத்ததத் தின்ன மாதிரி ஆகும்ல" என்று அவனும் கத்தினான். இரண்டு பேரும் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தோம், நடுவில் கிடா நின்று என் வேலியின் காய்ந்த கொடியைக் கடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவனே இழுத்துக்கொண்டு போனான். தெருப் பிள்ளைகள் அதற்கு கோல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கோல் வெளியே ஓடிருச்சு, கோலைப் பிடி என்று காலையில் ஒரு சத்தம், மாலையில் ஒரு சத்தம், நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். சந்தையில் இறைச்சிக்கடைக்காரன் என்னைப் பார்த்ததும், "அண்ணே, அடுத்த ஆட்டத்துக்கு எத்தனை கிடா?" என்று கேட்டான், வரிசையில் நின்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் ஆற்றோரம் சுற்றிக்கொண்டுதான் சந்தைக்குப் போகிறேன். குளிர்காலம் முழுக்க அந்தச் சேற்றில் நடந்து என் பூட்ஸின் அடி பிளந்துவிட்டது. அந்தக் கிடாவின் கதையும் முடிந்தது, பெய்ஷெனின் மாமனார் வீட்டு ஆட்கள் விருந்துக்கு வந்தபோது அவன் மனைவி எதையும் யோசிக்காமல் அதையே அறுக்க விட்டுவிட்டாள். நல்ல கொழுப்பு என்று புகழ்ந்து தின்றுகொண்டிருந்த மாமனாரிடம் யாரோ கதையைச் சொல்ல, அவர் கையில் இருந்த எலும்பை மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டாராம். இதையும் எனக்கு வந்து சொன்னார்கள். எல்லாவற்றையும் எனக்கு வந்து சொல்வார்கள், நான் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தவிர.

உன் அம்மாவிடம் நான் கேட்டேன், ஏன் மறைத்தாய் என்று. "சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க, அங்க போய் அவன மறிச்சிருப்பீங்களா?" என்றாள். மறித்திருப்பேன் என்றேன். "அதனாலதான் சொல்லல" என்றாள். அவளோடு பேசி நான் எப்போது ஜெயித்தேன். உனக்காக அவள் எல்லாவற்றையும் என் முன் அடுக்கினாள். நீ பதினான்கு வயதில் தலைநகரத்துக்குப் போய் அந்த ஈர விடுதியில் இருமிக்கொண்டு கிடந்தது, கஸாக் நாட்டில் இரண்டாம் தரக் கிளப்பில் பனியில் ஆடியது, முழங்கால் கிழிந்தபோது அந்தக் கிளப் உன்னைக் கைவிட்டது, துருக்கியில் அறுவை செய்துகொண்டு கிளப்பே இல்லாமல் ஒரு வருடம் காய்கறி மண்டியில் பெட்டி தூக்கியது. அப்போதுகூட நீ எங்களிடம் சொல்லவில்லை, நன்றாக ஆடுகிறேன் என்றுதான் போனில் சொன்னாய். பிறகு அந்த வெயில் நாட்டுக் கிளப் உன்னை எடுத்தது, நீ அங்கே வேர் பிடித்தாய், வருடா வருடம் கோல் போட்டாய். இங்கே நம் அணிக்காரர்கள் உன்னைப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள், உட்கார வைத்தார்கள், அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள், மறுபடியும் உட்கார வைத்தார்கள். எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. அந்த ஆட்டங்கள் ஒவ்வொன்றையும் நான் பார்த்தேன், பெஞ்சில் உன் தலையைக் காட்டுவார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு முறை உன் பாதி காது தெரிந்தது.

அது எனக்கும் வலித்தது. ஆனால் வலித்தது என்பதற்காக நீ செய்ததை நான் சரி என்று சொல்ல மாட்டேன். "எனக்கு வயசு முப்பது ஆகப் போகுது, ஒரு தடவையாவது ஏதாவது ஒரு நாட்டுக்காகக் களத்துல நிக்கணும்மா" என்று அம்மாவிடம் சொன்னாயாம். ஏதாவது ஒரு நாடு என்று கேட்க அது என்ன, பெய்ஷென் வேனில் இடமா, ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வதற்கு? உன்னை உட்கார வைத்தார்கள் என்றால் நீ உட்கார்ந்திருக்க வேண்டும். முடி நரைக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். கூப்பிடாத வீட்டு வாசலில் காத்திருப்பது அவமானம்தான், ஆனால் அந்த அவமானம் அந்த வீட்டுக்காரனைச் சேரும், பக்கத்து வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அங்கேயிருந்து கல்லெறிந்தால் அது நம்மைச் சேரும். இதில் நான் மாற மாட்டேன், நீ எத்தனை முறை வந்து எதிரில் உட்கார்ந்தாலும், பேரனை என் மடியில் வைத்தாலும். இன்னொன்றும் சொல்கிறேன். கோல் போட்டுவிட்டு நீ ஓடவில்லை, குதிக்கவில்லை, இரண்டு கையையும் தூக்கி மன்னிப்புக் கேட்பதுபோல நின்றாய். அதையும் டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள், பார், எப்படிப்பட்ட மரியாதைக்காரப் பிள்ளை என்று அம்மா சொன்னாள். எனக்கு அது பிடிக்கவில்லை. செய்யத் துணிந்தவன் செய்ய வேண்டும், வெட்கப்படுகிறவன் செய்யக் கூடாது. வெட்கப்படுவதற்குத்தான் இங்கே நான் இருக்கிறேனே, நீ வேறு ஏன்?

இனி எழுதப் போவதை எழுதுவதா வேண்டாமா என்று நான் இந்தக் காகிதத்தை இரண்டு முறை மடித்து வைத்தேன். மேரிம், நீ இதைப் படிக்கிறாய் என்று தெரியும், இதை உன் அம்மாவிடம் சொல்லக் கூடாது.

அன்று டிவியில் அந்தக் கோலைக் காட்டியபோது, பந்து உன் இடது காலில் இருந்து கிளம்பி அந்தத் தடுப்பாளனைச் சுற்றிக்கொண்டு போனபோது, விரிப்பின் ஓரத்தில் என் கால் உதைத்தது. தட்டுகள் குலுங்கின, தேநீர்க் கிண்ணம் கவிழ்ந்து தேனீக்காரனின் மடியில் கொட்டியது. கோபத்தில் உதைத்தார் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் தெருவில் அதுதான் எனக்கு மிஞ்சிய கௌரவமாக இருந்தது, பெரியவர் கோபத்தில் கிண்ணத்தைக் கவிழ்த்தார் என்று. அது கோபம் இல்லை எல்தியார். நீ எந்தச் சட்டையில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், அது எந்த வலை என்று தெரியும், மாம்பெத் பெரியவர் சொல்லி முடித்துவிட்டார், எல்லாம் தெரிந்த பிறகும் என் கால் உன்னோடு சேர்ந்து உதைத்தது. பந்து உள்ளே போனதும் எனக்குள் ஏதோ ஒன்று கொட்டிலில் அவிழ்த்துவிட்ட குதிரை மாதிரி துள்ளியது, நான் அதை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டேன். எவ்வளவு அழகான கோல். வேறு எவன் போட்டிருந்தாலும் நான் அதை வாய்விட்டு ஒத்துக்கொண்டிருப்பேன். அன்றிலிருந்து ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் நான் தலைகுனிகிறேன், அவர்கள் கிடாவுக்காக என்று நினைக்கிறார்கள். நீ செய்ததற்கு நான் உன்மேல் வெட்கப்படுகிறேன், அது ஒன்று. ஆனால் நம் ஏழு தலைமுறையும் புதைந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு அதன் தோல்விக்குத் துள்ளிய என் காலை நினைத்து வெட்கப்படுகிறேனே, அதை யாரிடம் போய்ச் சொல்வேன். உன்னிடம்தான் சொல்ல முடியும். உனக்கு மட்டும்தான் இது புரியும் என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நீ கேட்டனுப்பியதற்கு மறுவாரம் நான் ஆற்றோர வழியை விட்டுவிட்டு நடுத்தெருவில் நடந்தேன். ஓட ஆள் வேண்டும் இல்லையா. பிள்ளையின் காலில் கயிற்றைக் கட்டிவிட்டு நாம் மட்டும் சுற்றி நின்று கைதட்டினால் அது விழா ஆகாது, தெருப் பிள்ளைகள் தூரத்திலிருந்து ஓடி வர வேண்டும், முதலில் வருகிறவன் கத்தியை வாங்கிக் கயிற்றை அறுக்க வேண்டும், அப்போதுதான் பிள்ளை தடுக்காமல் நடப்பான். அதனால் வீடு வீடாகப் போய் ஜூனில் உங்கள் பிள்ளைகளை அனுப்புவீர்களா என்று கேட்டேன். நான் இதுவரை யாரிடமும் எதையும் போய்க் கேட்டவன் இல்லை, குதிரை செத்த வருடம்கூடக் கேட்கவில்லை. ரோசா டீச்சர் வாசலை விட்டு நகரவில்லை, உள்ளே வாருங்கள் என்றும் சொல்லவில்லை. "தப்பா நினைக்காதீங்க, என் பையன் நல்லா ஓடுவான், அவன்தான் ஜெயிப்பான், அப்புறம் அந்த வீட்டுக் கயித்த அறுத்தவன்னு நாளைக்கு ஸ்கூல்ல அவனப் பேசுவாங்க" என்றாள். உனக்கு மூன்றாம் வகுப்பில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள். தேனீக்காரன் பார்க்கலாம் என்றான், அவன் மடியில் கொட்டிய தேநீர் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. இன்னொரு வீட்டில், ஜூனில் நாங்கள் எல்லோரும் மலைக்கு மேய்ச்சலுக்குப் போய்விடுவோமே என்றார்கள், அவர்களிடம் இருப்பது ஒரே ஒரு ஆடு. பெய்ஷென் மட்டும், "என் ரெண்டு பொண்ணுங்களும் ஓடும் அண்ணே, நான் சொன்னா கேக்கும், ஆனா என் பொண்டாட்டிகிட்ட நீங்களே பேசிருங்க" என்றான். அவன் மனைவியிடம் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியாக மாம்பெத் பெரியவர் வீட்டுக்குப் போனேன். வெயிலில் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய கொள்ளுப் பேரப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லிக் கேட்டேன். "உன் மகன் பண்ணுனது எனக்கும்தான் பிடிக்கல" என்றார். எனக்கும்தான் என்றேன். "அந்தக் கோலு மட்டும் பிடிச்சுதோ?" என்றார். அவர் என் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார், பிறகு மலையைப் பார்த்துக்கொண்டு, "நான் பக்கத்துல உக்காந்திருந்தேனப்பா, மறந்துட்டியா" என்றார். நான் எழுந்து வரப் பார்த்தேன், கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். "பிள்ளைங்கள அனுப்புறது அதுங்க அம்மாமாருங்க முடிவு, அங்க என் பேச்சு எடுபடாது. ஆனா நான் இருக்கேன்ல. நான் ஓடுறேன்" என்றார். எண்பத்து மூன்று வயது, இரண்டு கம்பு ஊன்றி நடக்கிறவர். விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. "ஒத்தையா ஓடுனா பந்தயம் ஆகாது, நீயும் ஓடு. எனக்கு விட்டுக் கொடுத்தியோ, பாத்துக்க" என்றார்.

ஆகவே வா. கயிற்றை நானே திரிக்கிறேன், கறுப்பு ஆட்டு மயிரும் வெள்ளை மயிரும் சேர்த்து. பிள்ளைகள் வந்தால் பிள்ளைகள் ஓடட்டும். வராவிட்டால் பெரியவரும் நானும் வேலிக் கோடியிலிருந்து ஓடுவோம், ஊர் வேலிக்கு மேலே நின்று பார்த்துச் சிரிக்கட்டும், சிரிப்பதற்குப் புதிதாக ஒன்று கிடைத்தது என்று இருக்கட்டும். உன்னை மன்னித்து வரச் சொல்கிறேன் என்று நினைக்காதே, மன்னிக்கவில்லை. பிள்ளையின் காலுக்கு அது தேவையில்லை, அதனால் கேட்காதே, பேச்சை எடுக்காதே. வரும்போது அந்த நாட்டுச் சட்டை எதையும் பிள்ளைக்குப் போடாதே. தெருவில் யாருக்கும் பரிசு வாங்கி வராதே, வாயை அடைக்க வாங்கி வந்தான் என்பார்கள். ரோசா டீச்சர் வீட்டுக்கு நீயே நடந்து போய் வணக்கம் சொல், கதவு திறக்காவிட்டால் வாசலில் நின்று சொல்லிவிட்டு வா. எல்னூராவிடம் நான் அவளைப் பற்றி ஒரு வார்த்தையும் தவறாகச் சொல்லவில்லை என்று சொல். முழங்காலுக்கு ராத்திரி கம்பளி சுற்றிக்கொண்டு படுக்கிறாயா, குளிர்ந்த காற்று அடிக்கும் அந்தப் பெட்டிக்கு எதிரே படுக்காதே, எலும்புக்குள் போய்விடும்.

அலினூரின் கால்கள் பலமாக இருக்கட்டும், அவன் எந்த மண்ணில் நடந்தாலும் விழாமல் நடக்கட்டும், எல்னூராவின் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், உன் உடம்பில் இனி ஒரு கத்தியும் படாமல் இருக்கட்டும் என்று உன் அம்மாவும் நானும் கையேந்துகிறோம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்த முறை நீ வெளிநாட்டான் வரிசையில் நின்று வர வேண்டியிருக்கும், நம் ஆட்கள் வரிசையில் விட மாட்டார்கள் என்று மேரிம் சொல்கிறாள். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பையன் உன்னை அடையாளம் கண்டுகொள்வான், முகத்தைப் பார்த்து ஏதாவது சொன்னாலும் சொல்வான், தலையைக் குனிந்து கேட்டுக்கொள், எதிர்த்துப் பேசாதே. இந்த நாட்டில் யார் வீட்டில் தங்கப் போகிறாய் என்று கேட்பான். அப்போது என் பெயரைச் சொல். முணுமுணுக்காமல், பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படியாகச் சொல்.

உன் அப்பா,
சகின்பெக்